பெயர்ப்பலகை உதிர்ந்த கிட்டார்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: பழைய ஜப்பானிய எலெக்ட்ரிக் கிட்டாரைக் கையில் வைத்துக்கொண்டு, இது என்ன மாடல் என்று கேட்கிறீர்கள். எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் என்பதால் பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன். முதல் கடிதம் கொஞ்சம் நீளம், பதில் அதைவிட நீளம்.

கேள்வி: பெரியப்பா காலமான பிறகு அவருடைய பொருட்களுக்கு நடுவே ஒரு சிவப்பு எலெக்ட்ரிக் கிட்டார் கிடைத்தது. ஹெட்டில் (தந்திகளை முறுக்கும் தலைப்பகுதியில்) பெயர் எதுவும் இல்லை, இரண்டு சின்ன ஓட்டைகள் மட்டும் இருக்கின்றன. முன்பக்கம் கோடு கோடாக உலோகத் தகடு, அதில் தங்க நிறத் தாள் போர்த்திய மாதிரி இரண்டு பிக்அப் (தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் பாகம்), மின்விளக்கு சுவிட்ச் போல அப்படியும் இப்படியும் சாயும் வெள்ளை சுவிட்சுகள், சுருதியை அசைக்க ஒரு ட்ரெமலோ கம்பி. பின்னால் நெக்கை, அதாவது கிட்டாரின் நீண்ட கழுத்தைப் பிடித்திருக்கும் தகட்டில் ‘மேட் இன் ஜப்பான்’ என்றும் அதன் கீழே ஓர் எண்ணும் இருக்கிறது. எண்ணை வைத்துத் தேடிப் பார்த்துவிட்டேன், ஒன்றும் வரவில்லை. இது என்ன மாடல், எந்த வருடம்? தேய்த்து பெயின்ட் அடிக்கலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பெயின்ட் அடிக்காதீர்கள். லேசான ஈரத்துணியால் துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள், இப்போதைக்கு அது போதும்.

அந்த எண்ணை மறந்துவிடுங்கள். 60-களில் ஏற்றுமதிக்காக ஜப்பானில் செய்த கிட்டார்களில் பலவற்றுக்கு எண்ணே கிடையாது, இருப்பவற்றிலும் அதை வைத்து வருடத்தையோ மாடலையோ சொல்ல முடிவது அபூர்வம். அமெரிக்கக் கிட்டார் மாதிரி எண்ணைப் போட்டால் பிறந்த தேதி வந்து விழும் என்று எதிர்பார்த்துத்தான் நிறைய பேர் முதல் படியிலேயே சோர்ந்துபோகிறார்கள்.

ஹெட்டில் பெயர் இல்லாததற்கும் வருத்தப்பட வேண்டாம், இருந்திருந்தாலும் அது அவ்வளவாக உதவியிருக்காது. அந்தக் காலத்தில் கிட்டாரைச் செய்தவர் ஒருவர், பெயர் வைத்தவர் இன்னொருவர். அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ இருக்கும் இறக்குமதியாளர் ஆர்டர் கொடுக்கும்போதே தன் பெயரைப் பொறித்துத் தரச் சொல்வார். டோக்கியோவில் இருந்த டெய்ஸ்கோ என்ற ஒரே நிறுவனத்தின் கிட்டார்கள் அமெரிக்காவில் டெய்ஸ்கோ டெல் ரே என்றும், கிங்ஸ்டன் என்றும், சியர்ஸ் நிறுவனத்துக்காக சில்வர்டோன் என்றும் விற்றன. இன்னும் எத்தனையோ பெயர்கள். அந்தப் பெயர்ப்பலகையும் பெரும்பாலும் இரண்டு சின்ன ஆணியில் நிற்கும் ஒரு மெல்லிய தகடுதான், எளிதில் கழன்று தொலைந்துவிடும். உங்கள் கிட்டாரில் இருக்கும் இரண்டு ஓட்டைகள் அதன் மிச்சம். அந்த இடத்தில் விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். பலகை இருந்த இடத்தில் வார்னிஷ் வெளிச்சம் படாமல் கொஞ்சம் வேறு நிறத்தில் இருக்கும், சில சமயம் பலகையின் வடிவம் அப்படியே தெரியும். நீளமா, வட்டமா, சாய்ந்த எழுத்தா என்று தெரிந்தாலே பாதிப் பெயர்களைத் தள்ளிவிடலாம்.

ஆகவே நாம் தேட வேண்டியது பெயரை இல்லை, தொழிற்சாலையை. அதற்கு உங்கள் கடிதத்திலேயே நல்ல தடயங்கள் இருக்கின்றன.

கோடு போட்ட உலோகத் தகடு, சாயும் சுவிட்ச், தங்கத்தாள் பிக்அப் ஆகிய மூன்றும் ஒரே கிட்டாரில் சேர்ந்து வந்தால் நான் முதலில் சொல்லும் பெயர் டெய்ஸ்கோ, காலம் 60-களின் நடுப்பகுதி. டெய்ஸ்கோ 1946-இல் தொடங்கியது, 1967-இல் பியானோவுக்குப் பேர்போன கவாய் அதை வாங்கிக்கொண்டது. ஜப்பானில் அப்போது எலெக்ட்ரிக் கிட்டார் பைத்தியம் உச்சத்தில் இருந்தது. 1965-இல் தி வெஞ்சர்ஸ் என்ற அமெரிக்க இசைக்குழு அங்கே சுற்றுப்பயணம் வந்தபோது இளைஞர்கள் மொத்தமாகக் கிட்டார் பக்கம் சாய்ந்தார்கள், தொழிற்சாலைகளும் போட்டி போட்டுக்கொண்டு வடிவங்களை மாற்றின. அதனால்தான் இந்தக் காலத்துக் கிட்டார்களில் கொம்பு ஒன்று நீண்டும் ஒன்று குட்டையாகவும், சுவிட்ச் தேவைக்கு மேலேயும் இருக்கும். எனக்கு அந்தத் துணிச்சல் பிடிக்கும். 70-களில் வந்த கச்சிதமான நகல்களில் அதைப் பார்க்க முடியாது.

டெய்ஸ்கோவின் மாடல் எண்ணைப் படிக்க ஓர் எளிய வழி உண்டு. 60-களின் நடுவில் அமெரிக்காவுக்குப் போனவற்றில் ‘இ’ என்றால் எலெக்ட்ரிக், கூட ‘டி’ சேர்ந்தால் ட்ரெமலோ உண்டு, முதல் இலக்கம் பிக்அப் எண்ணிக்கை. இ.டி.-200 என்றால் ட்ரெமலோவோடு இரண்டு பிக்அப், இ.டி.-440 என்றால் நான்கு பிக்அப். ஆக நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் இ.டி.-200 குடும்பத்தில்தான் தேட ஆரம்பிக்க வேண்டும். பாடியின் இரண்டு கொம்பும் ஏறக்குறைய ஒரே அளவில், பூவிதழ் மாதிரி வெளிப்பக்கம் வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் சேகரிப்பாளர்கள் ‘டூலிப்’ என்று கூப்பிடும் வகை அது, கிட்டத்தட்ட முடிவே செய்துவிடலாம். கொம்புகள் ஒன்றுக்கொன்று வேறாக இருந்தால் பழைய டெய்ஸ்கோ விலைப்பட்டியல் புத்தகங்களின் படங்களோடு ஒப்பிட வேண்டும். ஒப்பிடும்போது பாடியின் ஓரக்கோட்டையும் ஹெட்டின் வடிவத்தையும் முதலில் பாருங்கள், பிக்அப்பையும் குமிழையும் கடைசியில். காரணம் இருக்கிறது. கையிருப்பில் எந்தப் பாகம் இருந்ததோ அதைப் போட்டு அனுப்புவது அன்றைக்குச் சகஜம், அதனால் ஒரே மாடலில் இரண்டு விதமான பிக்அப் வரும். மரத்தை வெட்டும் அச்சை அவ்வளவு சுலபமாக மாற்ற மாட்டார்கள்.

தங்கத்தாளைப் பற்றி ஒரு வார்த்தை. அதை மட்டும் வைத்து டெய்ஸ்கோ என்று முடிவுகட்டாதீர்கள், குயாடோன் என்ற இன்னொரு ஜப்பானிய நிறுவனத்தின் கிட்டார்களிலும் தாள் போர்த்திய பிக்அப் உண்டு, அமெரிக்காவில் டிஆர்மண்ட் நிறுவனம் செய்து ஹார்மனி கிட்டார்களில் வந்ததும் உண்டு. அமெரிக்கக் கிட்டார் கலைஞர் ரை கூடர் தன்னுடைய ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டர் கிட்டாரில் டெய்ஸ்கோவின் தங்கத்தாள் பிக்அப்பைப் போட்டு வாசித்ததிலிருந்து இந்தப் பிக்அப்பை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு மீதியைத் தூக்கிப் போடுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். உங்களிடம் யாராவது ‘பிக்அப்பை மட்டும் கொடுங்கள்’ என்று கேட்டால் தயவுசெய்து கொடுக்காதீர்கள். முழுசாக இருக்கும் ஒரு கிட்டார் அப்படித்தான் அநியாயமாக அழிகிறது.

அப்புறம், உள்ளே பார்க்க வேண்டும். இதைப் பொறுமையாகச் செய்யுங்கள். முதலில் கழற்றுவதற்கு முன் எல்லாப் பக்கத்தையும் படம் எடுங்கள்: ஹெட்டின் முன்னும் பின்னும், டியூனர்கள், நட் (ஹெட்டுக்குக் கீழே தந்திகள் உட்காரும் சின்னப் பட்டை), நெக் பாடியோடு சேரும் இடம், பின்தகடு, பிரிட்ஜ், ட்ரெமலோ. நட்டை ஒட்டி இன்னொரு ஃபிரெட் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) இருக்கிறதா பாருங்கள், அதுதான் ஜீரோ ஃபிரெட், 60-களின் ஜப்பானிய கிட்டார்களில் அடிக்கடி வரும். நட்டிலிருந்து (ஜீரோ ஃபிரெட் இருந்தால் அதிலிருந்து) 12-ஆவது ஃபிரெட் வரை அளந்து இரண்டால் பெருக்கி எழுதி வையுங்கள், மொத்தம் எத்தனை ஃபிரெட் என்பதையும். விலைப்பட்டியலோடு ஒப்பிடும்போது இந்த இரண்டு எண்ணும் உதவும்.

தந்திகளை முழுசாகத் தளர்த்திவிட்டு நெக்கின் நான்கு ஸ்குரூவைக் கழற்றலாம். இங்கே ஒரு எச்சரிக்கை: ஜப்பானிய ஸ்குரூவின் கூட்டல் குறிப் பள்ளமும் வழக்கமான ஃபிலிப்ஸ் முனையும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், ஆனால் ஒன்றல்ல. அது ஜே.ஐ.எஸ். என்ற ஜப்பானியத் தர அளவு. ஃபிலிப்ஸ் முனையைப் போட்டு அழுத்தித் திருகினால் முனை வழுக்கி மேலே ஏறும், பள்ளம் மழுங்கிவிடும். மழுங்கிய ஸ்குரூ உள்ள பழைய கிட்டார்களில் பலவற்றுக்கும் இதுதான் கதை. ஜே.ஐ.எஸ். முனை உள்ள ஸ்குரூடிரைவர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், நேராக நிறுத்தி, முதலில் அரைச் சுற்று மட்டும் திருகிப் பிடி கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டு மேலே போங்கள்.

நெக் கழன்றதும் அதன் அடிப்பாகத்திலும் அது உட்காரும் குழியிலும் பென்சில் எழுத்து, ரப்பர் ஸ்டாம்ப், ஜப்பானிய எழுத்து ஏதாவது இருக்கிறதா பாருங்கள். குழிக்குள் மடித்த காகிதமோ மெல்லிய மரச்சீவலோ இருந்தால் எடுத்த இடத்திலேயே திரும்ப வையுங்கள், நெக்கின் கோணத்துக்காக வைத்தது அது. 38, 41, 43 மாதிரி இரண்டு இலக்க எண் கண்ணில் பட்டால் இன்னொரு கணக்கு போட்டுப் பாருங்கள். ஜப்பானில் பேரரசரின் ஆட்சியாண்டை வைத்து வருடம் எழுதும் வழக்கம் உண்டு. ஷோவா காலம் 1926-இல் தொடங்கியது, எனவே அந்த எண்ணோடு 1925-ஐக் கூட்டினால் நம் வருடம் வரும். 41 என்றால் 1966, 43 என்றால் 1968. கே. யாயிரி அக்கவுஸ்டிக் கிட்டார்களின் எண்ணிலேயே இந்தக் கணக்கு இருந்த காலம் உண்டு. எலெக்ட்ரிக்கில் இப்படி எப்போதும் கிடைத்துவிடாது, ஆய்வாளரின் எண்ணாகக்கூட அது இருக்கலாம், அதனால் மற்ற தடயங்களோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துத்தான் ஏற்க வேண்டும். வால்யூம் குமிழுக்குக் கீழே உள்ள பாகத்தின் எண்ணை வைத்து வருடம் கண்டுபிடிக்கும் வித்தை அமெரிக்கப் பாகங்களுக்கானது, 137-இல் தொடங்கும் அந்த முறையை ஜப்பானியப் பாகத்தின் மேல் பொருத்தாதீர்கள்.

கடைசியில் ‘60-களின் நடுவில் டெய்ஸ்கோ செய்தது, இ.டி.-200 வகை, விற்ற பெயர் தெரியவில்லை’ என்ற அளவில் நின்றாலும் அது முழுமையான பதில்தான். பெரியப்பா எங்கே வாங்கினார், எந்த வருடம் என்று வீட்டில் யாருக்காவது ஞாபகம் இருந்தால் கேட்டு எழுதி, அந்தத் தாளை உறைக்குள்ளேயே வையுங்கள். கிட்டாரில் எங்கே தேடினாலும் கிடைக்காத தகவல் அது.

கேள்வி: அமெரிக்காவின் கிப்சன் நிறுவனத்து லெஸ் பால் மாடல் வடிவத்தில் ஓர் ஐபனேஸ் கிட்டார் வாங்கினேன். ஹெட்டின் பின்னால் எஃப் எழுத்தும் 76-இல் தொடங்கும் ஆறு இலக்க எண்ணும் இருக்கிறது. நெக் ஸ்குரூவில் பொருத்தியது. விற்றவர் ‘இது வழக்குக் கிட்டார், அபூர்வம்’ என்றார். உண்மையா?

பதில்: வருடத்தில் சந்தேகமே இல்லை, வழக்கில் நிறைய இருக்கிறது.

ஐபனேஸ் என்பது நகோயாவைச் சேர்ந்த ஹோஷினோ நிறுவனத்தின் பெயர், கிட்டார்களில் பெரும்பகுதியைச் செய்தது மட்சுமோட்டோ நகரத்து ஃபுஜிஜென். 1975-லிருந்து அவர்கள் போட்ட எண்ணில் முதல் எழுத்து மாதம், ஏ என்றால் ஜனவரி, எல் என்றால் டிசம்பர். அடுத்த இரண்டு இலக்கம் வருடம், மீதி நான்கு வரிசை எண். எஃப் 76 என்றால் 1976 ஜூன். ஆனால் இதில் ஒரு குழி இருக்கிறது, பலர் விழுகிறார்கள். 1987-இல் முறை மாறியது. அதன் பிறகு எஃப் என்றால் ஃபுஜிஜென், அடுத்த ஓர் இலக்கம் மட்டுமே வருடம், மீதி ஐந்தும் வரிசை எண். ஆக மொத்தம் அதே ஓர் எழுத்து, அதே ஆறு இலக்கம். உங்கள் எண்ணையே புது முறைப்படி படித்தால் 1987 என்று வரும்! இங்கே எண்ணை நம்பாமல் கிட்டாரைப் பார்க்க வேண்டும். 1987-இல் ஐபனேஸ் கூர்மையான கொம்பு வைத்த ஆர்.ஜி. வரிசையில் இருந்தது, தந்தியைப் பூட்டும் எட்ஜ் ட்ரெமலோ வந்துவிட்டது. நெக்கை ஸ்குரூ போட்டுப் பொருத்திய லெஸ் பால் நகலெல்லாம் 70-களோடு முடிந்த கதை. அதனால் உங்களுடையது 1976-தான். இந்த வகையில் 2350, 2351 என்ற மாடல்கள் இருக்கின்றன. லெஸ் பால் கஸ்டம் சாயலில் இருந்தால் 2350, ஸ்டாண்டர்டு சாயலில் இருந்தால் 2351 என்று தொடங்கித் தேடுங்கள்.

இப்போது வழக்கு. கிப்சனின் தாய் நிறுவனமான நார்லின், 1977 ஜூன் 28 அன்று, ஹோஷினோவின் அமெரிக்கக் கிளையான எல்ஜர் மீது பிலடெல்பியா நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. சண்டை ஹெட்டின் மேல்விளிம்பு வடிவத்தைப் பற்றி, விரித்து வைத்த புத்தகம் போல இருக்குமே அது. அதற்குள் ஐபனேஸ் அந்த வடிவத்தை மாற்றியே விட்டிருந்தது, அடுத்த ஆண்டு சமரசமாக முடிந்தது. இவ்வளவுதான் வழக்கு, ஒரே ஒரு நிறுவனத்தின் மேல். அதை வைத்து 70-களின் எல்லா ஜப்பானிய நகல்களையும் வழக்குக் கிட்டார் என்று கூப்பிடுவது விற்பவர்களுக்கு வசதியான பேச்சு, எனக்கு அதில் கோபமே வரும், ஏனென்றால் நல்ல கிட்டாரை நல்ல கிட்டார் என்றே சொல்லி விற்கலாம். உங்களுடையது அந்தப் பழைய ஹெட் வடிவம் உள்ளதா என்று பாருங்கள், இருந்தால் சந்தோஷப்படுங்கள், ஆனால் அபூர்வம் என்பதற்காகக் கூடுதலாக எதுவும் கொடுத்திருக்க வேண்டியதில்லை.

கேள்வி: பின்தகட்டில் ‘ஸ்டீல் அட்ஜஸ்டபிள் நெக்’ என்று எழுதியிருக்கிறது. இப்படி ஒரு கம்பெனி இருந்ததா? ஹெட்டில் வேறு பெயர் இருக்கிறது.

பதில்: கம்பெனி இல்லை. நெக்குக்குள் திருகிச் சரிசெய்யக்கூடிய இரும்புக் கம்பி இருக்கிறது என்பதற்கான அறிவிப்புதான் அது. ஆனால் ஹெட்டில் உள்ள பெயரைவிட இந்தத் தகடு உங்களுக்கு உபயோகமானது. 70-களில் இந்த வாசகத்தோடு வந்த தகடு பெரும்பாலும் மட்சுமோகு தொழிற்சாலையைக் காட்டும். அதுவும் மட்சுமோட்டோ நகரம்தான். மர வேலையில் கெட்டிக்காரர்கள், தையல் மிஷின் பெட்டிகள் செய்துகொண்டிருந்த இடம், 1987-இல் மூடிவிட்டார்கள். ஆரியா, யூனிவாக்ஸ், எலெக்ட்ரா, வெஸ்டோன், வான்டேஜ், ஜப்பானில் செய்த எபிஃபோன் எல்லாம் அங்கிருந்து வந்திருக்கின்றன. எனவே உங்கள் ஹெட்டில் கேள்விப்படாத பெயர் இருந்தால், ஆரியா அல்லது யூனிவாக்ஸின் அதே காலத்துப் படங்களில் அதே பாடி, அதே பிரிட்ஜ் இருக்கிறதா என்று தேடுங்கள். ஒரே கிட்டார் இரண்டு பெயரில் கிடைத்துவிடும். பெரிய பெயர்களிலும் இது உண்டு, ஐபனேஸ் ஐஸ்மேனும் கிரெகோ மிராஜும் ஒரே வடிவம்தான்.

கேள்வி: ஜே.வி. எழுத்தில் தொடங்கும் எண் உள்ள ஸ்க்வையர் (ஃபெண்டரின் குறைந்த விலை வரிசை) ஸ்ட்ராடோகாஸ்டர் ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. ஹெட்டில் பெரிதாக ஃபெண்டர் என்றும் ஓரமாகச் சின்ன எழுத்தில் ஸ்க்வையர் சீரிஸ் என்றும் இருக்கிறது. போலியா?

பதில்: அந்த எழுத்து அளவைப் பார்த்துப் பயப்படாதீர்கள், ஆரம்பத்தில் ஏற்றுமதியானவை அப்படித்தான் வந்தன, ஸ்க்வையர் என்பதைப் பெரிதாகப் போட்டது அதற்குப் பிறகு. ஃபெண்டர் ஜப்பான் 1982-இல் ஆரம்பித்தது, முதலில் செய்து கொடுத்தது ஃபுஜிஜென், ஜே.வி. எண்கள் 1982 முதல் 1984 வரை. ஆனால் எண் பொறித்த தகட்டை நான்கு ஸ்குரூவில் எந்தக் கிட்டாருக்கும் மாற்றிவிடலாம் என்பதால் தகடு மட்டும் சாட்சியாகாது. நெக்கைக் கழற்றி அடிப்பாகத்தில் உள்ள தேதியைக் காட்டச் சொல்லுங்கள், பிக்கார்டை, அதாவது பாடியின் முன்தகட்டைத் திறந்து உள்ளே படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நெக் தேதி 1985 என்று இருந்து தகடு ஜே.வி. என்று சொன்னால் இரண்டு கிட்டார்களைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறார்கள். திறந்து காட்ட மாட்டேன் என்று விற்பவர் சொன்னால் வாங்க வேண்டாம்.